நத்தார் கதையில் பிறந்த கஞ்ச வாத்து

டகோபேர்ட் டக்கைத் தெரியாத பிள்ளை ஆராவில் இருக்க முடியாது. களஞ்சியம் நிறையக் காசு, அதற்குள்ளேயே நீச்சல், ஆனால் ஐந்து ராப்பன் கொடுக்கவும் மனம் வராது. இந்தக் கஞ்ச வாத்து முதன்முதலில் வந்தது ஒரு நத்தார் கதையில் என்பது உங்களுக்குத் தெரியுமா?

டிசம்பர் வந்தால் சுவிஸ் நண்பர்கள் தங்கள் அம்மா அப்பா சின்ன வயதில் வாசித்த 'மிக்கி மவுஸ்' இதழ்களைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் அவை பெட்டி பெட்டியாக இருக்கும். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு பெட்டி இல்லை. 1983க்குப் பிறகு உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள் சித்திரக்கதைகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவர்களின் பிள்ளைகள் அவற்றை நூலகத்திலும் 'புரோக்கி'யிலும் தேடி எடுத்தே வாசித்தார்கள். அதனால் ஓர் உறுத்தல் வரும். பனி மூடிய அந்தப் பக்கங்களை நினைத்து ஏங்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? அல்லது அது அடுத்த வீட்டுக்காரரின் ஞாபகமா?

பதிலை வரலாற்றில் தேடுவோம்.

1947, அமெரிக்கா. கார்ல் பார்க்ஸ் என்ற ஓவியர் டொனால்ட் டக்குக்கு ஒரு நத்தார் கதை எழுத வேண்டியிருந்தது. நத்தாரையே வெறுக்கும் ஒரு பணக்கார மாமாவைக் கற்பனை செய்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையின் கஞ்சன் ஸ்க்ரூஜின் பெயரையே அவருக்கு வைத்தார். கதையில் மாமா, டொனால்ட் எவ்வளவு தைரியசாலி என்று சோதிக்க நினைக்கிறார். அவனையும் மருமக்களையும் மலையிலுள்ள தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கரடி வேடம் போட்டுப் பயமுறுத்தப் போகிறார். அதற்குள் உண்மையான கரடிகளே வந்துவிடுகின்றன. பார்க்ஸ் இந்த மாமாவை ஒரே ஒரு கதைக்காகத்தான் உருவாக்கினார். ஆனால் மாமா திரும்பிப் போகவில்லை!

1952இல் பார்க்ஸின் இன்னொரு நத்தார் கதை வெளிவந்தது. டிக், ட்ரிக், ட்ராக் மூவரும் பாடசாலை விட்டு வரும்போது ஒரு சேரி வழியாக நடக்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளின் வாடிய முகங்களைப் பார்த்தபின் தங்கள் நத்தார் அவர்களுக்கு இனிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு விருந்தும் ஒரு விளையாட்டு ரயிலும் கொடுக்கக் காசு சேர்க்கிறார்கள். மாமா சாப்பாட்டுக்கு வேண்டுமானால் பாதிக் காசு தருவாராம். ரயிலுக்குத் தரமாட்டாராம், அது வீண்செலவாம். ஏழைப் பிள்ளைக்கு வயிறு மட்டும் நிறைந்தால் போதுமா, சந்தோஷம் வேண்டாமா என்பதுதான் கதையின் கேள்வி. அகதி முகாமில் நத்தார்ப் பொதி வாங்கிய எங்கள் அக்கா அண்ணாமாருக்கு இந்தக் கேள்வி நன்றாக விளங்கும்.

இவ்வளவு செய்த பார்க்ஸின் பெயர் அந்தப் புத்தகங்களில் இல்லை. அட்டையில் வோல்ட் டிஸ்னியின் பெயர் மட்டும்தான். பெயர் தெரியாத வாசகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்தார்கள். 1960 அளவில்தான் சில ரசிகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் 2000ஆம் ஆண்டு 99 வயதில் இறந்தார்.

அந்தக் கதைகள் ஆராவுக்கு எப்படி வந்தன? ஜெர்மன் மொழி வழியாக. 'மிக்கி மவுஸ்' ஜெர்மன் இதழ் 1951இல் தொடங்கியது. மொழிபெயர்த்தவர் எரிகா ஃபுக்ஸ் என்ற பெண்மணி. அவர் சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. ஸ்க்ரூஜை டகோபேர்ட் ஆக்கினார். ஷில்லரின் 'வில்ஹெல்ம் டெல்' நாடகத்தில் வரும் ரூட்லி சத்தியத்தை வாத்துக் குஞ்சுகளின் வாயில் வைத்தார், ஆனால் குளிக்கமாட்டோம் என்ற சத்தியமாக மாற்றி! 'சொய்ஃப்ட்ஸ்', 'க்ரூபல்' என்று நீங்கள் போனில் எழுதுகிறீர்களே, அந்தப் பழக்கத்தைப் பரப்பியவரும் அவர்தான். அவர் பெயரால் அதை 'எரிகாட்டீவ்' என்றே சொல்கிறார்கள். ஆக, சுவிஸ் நண்பரின் பரணில் இருப்பதும் ஓர் அமெரிக்கக் கதையின் ஜெர்மன் மறுபிறப்புத்தான்.

இனி எங்கள் அப்பாமாரின் பக்கம் வருவோம். அவர்களுக்கும் சித்திரக்கதை இருந்தது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அது யாழ்ப்பாணத்திலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. மாயாவி தமிழர் என்று நினைத்தால் இல்லை. அவர் 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஜெசுஸ் பிளாஸ்கோ. அப்படியான இங்கிலாந்து இதழ்கள் நத்தார் வாரத்தில் தலைப்பு எழுத்துகளின் மேல் பனி படிந்ததுபோல் வரைந்து வெளிவரும். சிவகாசியில் பனி இல்லை, அங்கே அந்த இடத்தைத் தீபாவளி மலர் பிடித்துக்கொண்டது.

நத்தார் என்ற சொல்லையே எடுங்கள். அது போர்த்துக்கேயரின் 'நத்தால்'. அவர்கள் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், சொல் நின்றுவிட்டது. எங்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு நத்தார் கேக் சாப்பிட்டுத்தான் ஊரில் வளர்ந்தார்கள். இந்தப் பண்டிகை எங்களுக்குக் குளோட்டன் விமானநிலையத்தில் முதன்முதல் அறிமுகமானது அல்ல.

ஆகவே உரிமை உண்டு. யார் வாசித்தார்களோ அவர்களுக்கு உண்டு. ஆனால் உரிமை கொண்டாடினால் கெட்ட பக்கங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். சுவிஸ் பிள்ளைகளின் செல்லமான நீலப் பறவை குளோபியைப் பாருங்கள். 1932இல் குளோபுஸ் கடையின் விளம்பரத்துக்காகப் பிறந்தவன், ரொபேர்ட் லிப்ஸ் வரைந்தவன். அவனுடைய பழைய புத்தகங்களில் ஆபிரிக்க மக்கள் கேலிச் சித்திரங்களாக வருகிறார்கள். 1970களிலிருந்து இதை சுவிஸ்காரர்களே கண்டித்திருக்கிறார்கள். அப்படி ஒரு பக்கத்தைப் பரண் பெட்டியில் கண்டால் எங்கள் தோல் நிறம் சட்டென்று ஞாபகம் வரும். புத்தகத்தை எறியவும் வேண்டாம், பார்க்காததுபோல் தாண்டவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் காட்டிப் பேசுங்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி எங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

இந்த விடுமுறையில் இரண்டு வேலை செய்யுங்கள். நூலகத்தில் பார்க்ஸின் சேரிப் பிள்ளைகளின் கதையைத் தேடுங்கள், ஜெர்மனில் அந்தச் சேரிக்குக் 'கும்மர்ஸ்டோர்ஃப்' என்று பெயர். பிறகு அப்பாவிடமோ மாமாவிடமோ இரும்புக்கை மாயாவி எப்படி மறைவார் என்று கேளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்று கையை நீட்டிக் காட்டிச் சொல்வார்கள். பரணில் பெட்டி இல்லாத வீட்டில் சித்திரக்கதை அப்படித்தான் பத்திரமாக இருக்கிறது.