மலை ஏறப் போகிறீர்களா? ஒரு மூச்சின் சரித்திரம்



பள்ளி விடுமுறையில் கினபாலு மலை ஏற வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. நல்ல ஆசைதான். "காலுல பலம் இருந்தா போதும் சார், ஏறிடலாம்" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள்.

16-ஆம் நூற்றாண்டில் அக்கோஸ்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் பெரு நாட்டின் அண்டீஸ் மலைகளைக் கடந்தார். குமட்டலும் வாந்தியும் வந்து உயிரே போய்விடுமோ என்று பயந்துபோனார். அங்குள்ள காற்று மனிதர் மூச்சுக்கு ஒவ்வாத அளவுக்கு மெலிந்தது என்று 1590-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். எவ்வளவு சரியான ஊகம்! பிராணவாயு என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

விடையைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பால் பெர். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் தாமே உட்கார்ந்து சோதித்தவர் அவர். 1875 ஏப்ரல் 15-இல் மூன்று பேர் 'ஜெனித்' என்ற பலூனில் வானேறினார்கள். பிராணவாயு நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அது போதாது என்று பெர் கடிதம் எழுதியிருந்தார். ஏற்பாட்டை மாற்ற நேரமில்லை. 8,000 மீட்டர் உயரத்தை நெருங்கியபோது, குழாயை எடுக்கக் கை எழவில்லை. இருவர் மாண்டனர். பிழைத்த திசாந்தியே பிறகு சொன்னதைக் கேளுங்கள்: வலியே தெரியவில்லையாம், மனம் மகிழ்ச்சியாகக்கூட இருந்ததாம்! அதுதானே பயங்கரம்? 1878-இல் பெர் தம் நூலில் விளக்கினார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. நோய்க்குக் காரணம் அதுவே.

சரி, பலசாலிகளுக்கு வராதா? 1962-இல் இந்திய-சீனப் போரின்போது சமவெளி வீரர்கள் அவசர அவசரமாக இமயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டுமஸ்தான வாலிபர்கள். அவர்களும் சுருண்டு விழுந்தார்கள். அங்கே நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் தோழர்களும் 1969-இல் ஆய்வு வெளியிட்டனர். உடற்பயிற்சி இந்த நோயைத் தடுக்காது. உடம்புக்கு அவகாசம் கொடுப்பதே தடுக்கும். 1997 மே 23-இல் எவரெஸ்ட் உச்சியில் நம் கொடியை நாட்டிய மகேந்திரனும் மோகனதாசும் ஓரிரு நாளிலா ஏறினார்கள்? வாரக்கணக்கில் உடம்பைப் பழக்கிய பிறகுதான்!

இனி நம் கினபாலுவுக்கு வருவோம். உயரம் 4,095 மீட்டர். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். முதல் நாளே 3,200 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கிறோம். உடம்புக்கு அது அதிக வேகம். ஆகவே முதல் இரவை மலையடியில் உள்ள பூங்காவில் தங்கிக் கழியுங்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். அசெட்டசோலமைட் என்ற மாத்திரை உண்டு. அதையும் டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும்.

தோட்டத்தில் தலைவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போகிறவர்கள் நாம். "ஒண்ணும் இல்ல, சரியாப் போயிரும்" என்போம். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். மலையில் அது உதவாது, தம்பி. தலைவலியோடு குமட்டல் வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல். மேலே ஒரு அடி வைக்காதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, நடுராத்திரியானாலும் துணையோடு இறங்கிவிட வேண்டும். சில நூறு மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தலை தெளிந்துவிடும்.