இடம்பெயர்ந்தவர்களின் பாடப்புத்தகம்

ரொறன்ரோவில் எங்கள் மூவருக்கும் செவ்வாய்க்கிழமைதான் ஓய்வு நாள். ஒரே றெஸ்ரோறன்றின் குசினியில் ஒருவன் கோப்பை கழுவுகிறான், ஒருவன் மரக்கறி வெட்டுகிறான், மற்றவன் அடுப்படியில் நிற்கிறான். மூவருமே ஊரில் பல்கலைக்கழகப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்தவர்கள். விட்டதை எங்காவது தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் கணக்கியலுக்குச் சேர்ந்தோம். ஒன்ராறியோ மாகாணம் 1965இல் சட்டம் இயற்றி உருவாக்கிய கல்லூரிகள் இவை. தொழில் படிக்க வருபவரும் ஒரு பொதுப்பாடம் எடுத்தாக வேண்டும் என்பது அங்கே விதி. செவ்வாய் மாலை எங்களுக்கு ஒத்துவந்தது ஒரே ஒரு பாடம்தான். அது கலை வரலாறு.

முதல் இரண்டு கிழமையும் இருட்டில் திரையைப் பார்த்தபடி நித்திரை கொண்டோம் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. பிரெஞ்சுத் தேவாலயங்கள், இத்தாலியச் சுவரோவியங்கள். அவற்றுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? மூன்றாம் கிழமை, வாசிக்கச் சொன்ன நூல்களின் ஆசிரியர் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விடயம் கண்ணில் பட்டது. கொம்பிரிச் 1909இல் வியன்னாவில் பிறந்து 2001இல் லண்டனில் இறந்தவர். பனொவ்ஸ்கி 1892இல் ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்து 1968இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரனில் இறந்தவர். ஜான்சன் 1913இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்து, ஜேர்மனியில் படித்து, அமெரிக்கரானவர். "பிறப்பிடமாகவும்", "வசிப்பிடமாகவும் கொண்ட" என்று நாம் நாள்தோறும் வாசிக்கும் மரண அறிவித்தல்களின் அதே கதைதான். எங்களுக்கு நித்திரை கலைந்தது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் மாதமே யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பனொவ்ஸ்கி அப்போது நியூயோர்க்கில் வருகை விரிவுரையாளராக நின்றார். நின்ற இடத்திலேயே வேலை போன செய்தி அவரைத் தேடி வந்தது. கொற்றிங்கனில் விரிவுரையாளராக இருந்த நிக்கொலஸ் பெவ்ஸ்னரும் அந்த வருடமே பதவி இழந்தார். கொம்பிரிச் 1936இல் லண்டன் வந்து சேர்ந்தார். யுத்தம் தொடங்கியதும் அவருக்குக் கிடைத்த வேலை, பிபிசியின் ஒட்டுக்கேட்கும் நிலையத்தில் இருந்து ஜேர்மன் வானொலியைக் கேட்டு மொழிபெயர்ப்பது. ஆறு வருடங்கள் அந்த வேலை செய்தார். 1945இல் ஜேர்மன் வானொலி திடீரென்று புரூக்னரின் ஏழாவது சிம்பொனியை வாசித்தபோது, ஏதோ பெரிய மரணச் செய்திதான் வரப்போகிறது என்று ஊகித்தவர் அவர். ஹிட்லரின் மரணமே அறிவிக்கப்பட்டது. ஐந்து வருடங்கள் கழித்து, 1950இல், இளம் வாசகருக்காக அவர் எழுதிய 'கலையின் கதை' வெளிவந்தது. வெளியிட்ட பைடன் பதிப்பகமும் 1923இல் வியன்னாவில் தொடங்கி 1938இல் லண்டனுக்கு ஓடிவந்த ஒன்றுதான்.

பெவ்ஸ்னரின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நாசிகளிடமிருந்து தப்பி வந்த அவரை, எதிரி நாட்டவன் என்று 1940இல் பிரித்தானியா பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தது. வெளியே வந்தபின் குண்டு விழுந்த லண்டன் தெருக்களில் இடிபாடுகளைச் சவளால் அள்ளிப் பிழைத்தார். 1942இலிருந்து பேர்க்பெக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தார். பேர்க்பெக், 1823இல் கைவினைத் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அவர் படிப்பித்தார். பின்பு இங்கிலாந்தின் கட்டடங்களை மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பார்த்து 46 தொகுதிகள் வெளியிட்டார். முதலாவது 1951இல் வந்தது, கடைசி 1974இல். தன்னை அடைத்து வைத்த நாட்டுக்கு அதன் சொந்தத் தேவாலயங்களையும் வீடுகளையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் ஓர் அகதி.

மனிதர்கள் மட்டும் ஓடி வரவில்லை. ஒரு நூலகமும் ஓடி வந்தது. ஹம்பேர்க்கில் ஒரு வங்கிக் குடும்பத்தின் மூத்த மகன் அபி வார்பேர்க். பதின்மூன்று வயதில், வங்கியின் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகத் தான் கேட்கும் புத்தகங்களை எல்லாம் வாங்கித் தரவேண்டும் என்று உடன்படிக்கை செய்தார் என்பார்கள். அவர் 1929இல் இறந்தார். அவர் சேர்த்த சுமார் 60,000 நூல்களை 1933 டிசம்பரில் 531 பெட்டிகளில் அடைத்து, இரண்டு சிறு கப்பல்களில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். வெளியே சொன்ன கதை, மூன்று வருடத்துக்கு இரவல் என்பது. எங்களில் பலர் வந்த விசாவைப் போலத்தான். இரவல் போன நூலகம் திரும்பவில்லை. 1944இல் அது லண்டன் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று.

அதே 1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு தொடக்கம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்து, 1959இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வகுப்பில் வார்பேர்க் நூலகத்தின் கதை வந்த அன்று நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்களுக்கு ஏன் இரண்டு சிறு கப்பல்கள் இருக்கவில்லை? கட்டடம் திருத்தப்பட்டு 2003இல் திரும்பவும் திறக்கப்பட்டது. எரிந்த ஏடுகளைத் திருத்த முடியாது.

கலை வரலாற்றில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லையா என்று தேடினால் ஆனந்த குமாரசுவாமி வருகிறார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். 1877இல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயதில் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். படித்தது புவிச்சரிதவியல், இலங்கைக்குத் திரும்பியது கனிமங்களை ஆராய. கல்லைத் தேடிக் கிராமங்களுக்குப் போனவர் அங்கே கண்டிச் சிங்களக் கைவினைஞர்களைக் கண்டார். 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே 425 பிரதிகள் அடித்து வெளியிட்டார். தமிழ்த் தகப்பனின் பிள்ளை சிங்களக் கைவினையைத் தேடித் தேடிப் பதிவு செய்தார் என்பதை இரண்டு பக்கத்து வீரர்களும் அதிகம் பேசுவதில்லை. முதலாம் உலகப்போரில் பிரித்தானியாவுக்காகப் போராட மறுத்து, 1917இல் அமெரிக்கா போனார். பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் இருந்து, 1947இல் அமெரிக்காவிலேயே இறந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம்பெயர்ந்தவன் என்பதால் மட்டும் ஒருவனுக்குக் கண் விரிந்துவிடாது. 1935இல் ஜேர்மனியை விட்டு வந்த ஜான்சன் 1962இல் வெளியிட்ட 'கலை வரலாறு', தலைமுறை தலைமுறையாக மாணவர் சுமந்த பாடப்புத்தகம். அதன் முதற் பதிப்பில் ஒரு பெண் கலைஞர்கூட இல்லை. அவர் 1982இல் இறந்த பின்பு வந்த பதிப்பில்தான் பெண்கள் நுழைந்தார்கள். வீட்டை இழந்த ஒருவர் எழுதிய வீட்டில் பாதிப்பேருக்கு இடமில்லை. நாம் எழுதும் யாழ்ப்பாணத்தில் யார் யாருக்கு இடமிருக்கிறது? 1990 ஒக்ரோபரில் சில மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சோனகத்தெரு எங்கள் நினைவுக் கட்டுரைகளில் எத்தனை வரி?

இது வெறும் தத்துவப் பேச்சாக நின்றிருக்கும், கடைசிக் கிழமை ஒப்படை வந்திராவிட்டால். உங்கள் ஊரிலுள்ள கலைப்பொருள் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள், முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள், கருத்தைப் பிறகு சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. ஒருவன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள தாரா சிலையை எடுத்தான். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டது, 143 சென்ரிமீற்றர் உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம். முன்னாள் ஆள்பதி பிறவுண்றிக் 1830இல் கொடுத்தது. படம் தெளிவாகக் கிடைக்கிறது, அளவும் கிடைக்கிறது. கவர்ந்து போனவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எங்களில் கோப்பை கழுவுகிறவனுக்கு ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் ஊரே எழும்பியபோது அவனுக்கு வயது இரண்டு. கோயில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. யுத்தம் 2009இல் முடிந்தபின் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டபோது, கோயில் இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சம். படம் ஒன்றும் இல்லை. அவன் தாய்க்குத் தொலைபேசி எடுத்து வேட்டைத் திருவிழாவின் குதிரை வாகனத்தைப் பற்றிக் கேட்டான்.

"முன்னங்கால் ரெண்டும் தூக்கினபடி நிக்கும் தம்பி. இடப்பக்கக் காதிலை ஒரு வெடிப்பு, மெழுகு வைச்சு அடைச்சது. வலப்பக்கம் எப்பிடியெண்டு தெரியாது. பொம்பிளையள் நாங்கள் எப்பவும் இடப்பக்கம்தானே நிண்டனாங்கள்."

"செய்தது ஆர் அம்மா?"

"ஆரோ ஒரு ஆசாரியார். பேர் கேக்கேல்லை."

"எல்லாரும் கிட்ட வந்து பாக்கலாமோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உள்ளுக்கை எல்லாரையும் விடுறேல்லை. சாமி வீதிக்கு வந்தால்தான் அவையள் பாப்பினம். தூரத்திலை நிண்டு."

அவன் அதை அப்படியே எழுதினான். தான் காணாத பொருள் என்பதற்காக மதிப்பெண் குறையும் என்று நினைத்தான். ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சொன்னவர் பெயர், சொன்ன தேதி, அவர் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார் என்பவற்றை முதல் வரியில் போடு, வலப்பக்கத்தில் நின்றவரையும் தூரத்தில் நின்றவரையும் தேடிப் பிடி.

அவன் இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். இடப்பக்கம் நின்ற தாய்க்கு எழுபத்தொரு வயது. வலப்பக்கம் நின்ற பெரியப்பா ஒருவர் பிரான்சில் இருக்கிறார். நினைவு வந்து வந்து போகிறது. தூரத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் இந்த ரொறன்ரோவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க முதலில் எங்களுக்கு முகம் வேண்டும். அடுத்த செவ்வாய் மூவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.