பராமரிப்பவருக்கும் ஒரு விடுப்பு: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. அவர்களுக்காகத் தமிழக அரசு செய்தவற்றில் முதலில் சொல்லத் தக்கது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வாசற்படி ஏறி வருகின்றன. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள கவரைப்பேட்டை, மாதர்பாக்கம், ஆரம்பாக்கம் போன்ற ஊர்களில் பேருந்துக்குக் காத்து நிற்க முடியாத முதியவருக்கு இது பெரும் பேறு.

ஆனால் செவிலியர் வந்து போனபின் மீதி நேரமெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பும் மகன் தூங்குவதா, அப்பாவைப் புரட்டுவதா? பெரும்பாலும் அந்தச் சுமை மருமகள் தலையில் விடிகிறது; அவரும் கம்பெனி பஸ் ஏறுபவரென்றால் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான். விடுபவர் பெண்ணாகவே இருப்பார்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கைவிடாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளையைப் பற்றி அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. இதை நான் சட்டத்தின் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இக்குறையைத் தீர்க்கும் வழி, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யிலேயே இருக்கிறது. தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு அது மருத்துவம் தருகிறது. தொழிலாளியே நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தால் ஒரு நாள்கூடக் கிடையாது. காப்பீடு என்பது தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தானே என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அதே நிதியிலிருந்துதான் 26 வார மகப்பேறு ஊதியமும் வழங்கப்படுகிறது. இன்னொரு உயிரைப் பேணும் காலத்துக்கும் ஊதியம் உண்டு என்பதை அந்த நிதி முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க 93 நாள் விடுப்பு எடுக்கலாம், அதை மூன்று முறையாகப் பிரித்தும் கொள்ளலாம். வேலைவாய்ப்புக் காப்பீடு 67 விழுக்காடு ஊதியம் தருகிறது. கேரளம் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்குகிறது. தொகை சிறிதுதான், எனினும் பராமரிப்பவர் அரசின் ஏட்டில் ஏறிவிட்டார்.

இ.எஸ்.ஐ.யில் ஊதியத்துடன் பராமரிப்பு விடுப்பு தந்தால் பொய்ச் சான்று பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியர் நோயாளியின் படுக்கையை நேரில் அறிந்தவர். அவர் பதிவை ஆதாரமாகக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சான்றளித்தால், தொழிலாளி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. நோயாளி அட்டையில் பராமரிப்பவரின் பெயர், அவர் ஷிப்ட், அவருடைய சொந்த ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோருக்கும், இ.எஸ்.ஐ. பதிவே இல்லாமல் வேலை வாங்கப்படும் ஒப்பந்தக் கூலிகளுக்கும் இந்த ஏற்பாடு உதவாது. பின்னவருக்கு மாநிலத்தின் தொழிலாளர் நல வாரியங்கள் வழியே தனி உதவித்தொகை வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலியை இழப்பவர்கள் அவர்கள்தாம்.