பீட் தலைமுறைப் புகைப்படங்கள்

ஜாக் கெருவாக், ஆலன் கின்ஸ்பெர்க், வில்லியம் பரோஸ் முதலிய அமெரிக்க 'பீட் தலைமுறை' எழுத்தாளர்களையும் அவர்களைச் சுற்றியிருந்த ஓவியர்களையும் 1950களிலும் 60களிலும் பதிவுசெய்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. முக்கியமான படங்கள் சிலவற்றை எடுத்தவர்கள் நிருபர்கள் அல்ல, அதே கூட்டத்தில் இருந்த நண்பர்கள்.

கின்ஸ்பெர்க் 1953இல் நியூயார்க்கின் பவரி பகுதி அடகுக் கடை ஒன்றில் 13 டாலருக்குப் பழைய கோடாக் ரெட்டினா கேமரா வாங்கினார். கிழக்கு 7ஆம் தெருவிலிருந்த அவருடைய வீட்டின் இரும்புப் படிக்கட்டில் கெருவாக் சிகரெட்டுடன் நிற்கும் படம் அந்த ஆண்டு எடுத்ததுதான். கோட்டுப் பையில் ரயில்வே பிரேக்மேன்களுக்கான விதிப் புத்தகம் துருத்திக்கொண்டிருக்கிறது. கெருவாக் அப்போது பிழைப்புக்குப் பார்த்த வேலைகளில் ரயில்வே வேலையும் ஒன்று. கின்ஸ்பெர்க் படச்சுருளை மருந்துக்கடையில் கொடுத்துச் சிறு பிரதிகளாகக் கழுவி வாங்கியதோடு சரி. 1962-63இல் கல்கத்தா, காசி என்று இந்தியாவில் சுற்றியபோதும் படம் எடுத்தார்; அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கேமராவை அதிகம் தொடவில்லை.

1983இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்த அவருடைய ஆவணங்களுக்குள் பழைய நெகட்டிவ்கள் கிடைத்தன. ராபர்ட் ஃபிராங்க், பெரனீஸ் ஆபட் ஆகிய புகைப்படக் கலைஞர்கள் ஊக்கம் தர, பெரிய பிரதிகள் போட்டு, கீழே விட்ட வெள்ளை ஓரத்தில் யார், எங்கே, எந்த நிலையில் என்று தன் கையெழுத்தில் எழுதினார். இன்று இப்படங்களை அடையாளம் காட்டுவதே இந்தக் கையெழுத்துதான். ஆனால் 1953இன் முகத்துக்குக் கீழே இருப்பது முப்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவு. ஒரே படத்தின் வெவ்வேறு பிரதிகளில் வாசகமும் மாறும். சான்றாக எடுத்தாள்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பாரிஸில் 'பீட் ஹோட்டல்' என்று பெயரெடுத்த மலிவு விடுதியில் ஆங்கிலேயர் ஹரால்டு சாப்மன் தங்கி, 1963இல் அது மூடப்படும்வரை அங்கு வாழ்ந்தவர்களைப் படமெடுத்தார். ஃபிராங்க் எடுத்த 'தி அமெரிக்கன்ஸ்' தொகுப்பின் 1959 அமெரிக்கப் பதிப்புக்குக் கெருவாக் முன்னுரை எழுதினார். அது பீட்டுகளைப் பற்றிய நூலன்று. இருந்தும் அவர்களின் கண்ணுக்கு மிக நெருங்கிய படங்கள் அதில்தான் உள்ளன.

1958இல் சான் ஃபிரான்சிஸ்கோ பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் 'பீட்னிக்' என்ற கேலிப்பெயரைச் சூட்டிய பின், தாடி, கறுப்பு ஸ்வெட்டர், போங்கோ மேளம் என்று பத்திரிகைகள் ஒரு வேஷத்தை விற்கத் தொடங்கின. நியூயார்க்கில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் புகைப்படக்காரர் ஃபிரெட் மக்டாரா, விருந்துகளுக்கு பீட்னிக் வாடகைக்குக் கிடைக்கும் என்று பாதி விளையாட்டாக விளம்பரம் கொடுத்தார். ஆட்கள் உண்மையாகவே கூப்பிட்டார்கள். அதே மக்டாராதான் 1959இல் கெருவாக் இரு கைகளையும் விரித்துக் கவிதை வாசித்ததையும், கேஸ்லைட் காபிக்கடையில் டயான் டி ப்ரீமா பியானோமேல் உட்கார்ந்து வாசித்ததையும் பதிவுசெய்தார். கின்ஸ்பெர்க்கின் படங்களில் பெரும்பாலும் ஆண்களே நிறைந்திருப்பதால், டி ப்ரீமா போன்ற பெண் கவிஞர்களைத் தேட மக்டாராவின் படங்களைத்தான் புரட்ட வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1965 டிசம்பரில் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை அருகே லாரி கீனன் எடுத்த படங்களில் கின்ஸ்பெர்க், கவிஞர் மைக்கேல் மக்ளூர் ஆகியோருடன் பாடகர் பாப் டிலனும் நிற்கிறார். கின்ஸ்பெர்க் 1997இல் இறந்தார். வாஷிங்டன் தேசிய கலைக்கூடம் 2010இல் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. டொராண்டோ பல்கலைக்கழகத்திலும் பெரிய தொகுப்பு உள்ளது.