தஞ்சோங் ரம்புத்தானுக்கு முன்னால்

மலேசியத் தமிழர் பேச்சில் பைத்தியத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் உண்டு: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911இல் ஆங்கிலேயர் திறந்த மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு 18 வயது. கொழுந்து பறிக்க மலையேறிய தமிழர்களின் பேச்சிலும் அந்தப் பெயர் கூடவே தங்கிவிட்டது.

ஆனால் அந்தப் பெயர் நோயின் கடைசிக் கட்டத்தைத்தான் சொல்கிறது. தொடக்கத்துக்கு நம்மிடம் பெயரே இல்லை.

அந்தத் தொடக்கத்தை ஜெர்மானிய மருத்துவர் கிளாஸ் கொன்ராட் கவனித்தார். 1941–42இல் ராணுவ மருத்துவமனையில் தான் பார்த்த 107 வீரர்களை வைத்து 1958இல் புத்தகம் எழுதினார். முதல் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'ட்ரேமா'. மேடையேறுவதற்கு முன் நடிகருக்கு வருகிற படபடப்பு. என்னமோ நடக்கப்போகுது, என்னன்னுதான் தெரியலை.

1961இல் ஸ்காட்லாந்தில் மெக்கீயும் சாப்மனும் 26 நோயாளிகளிடம் அனுபவத்தைக் கேட்டு எழுதினார்கள். சத்தங்கள் ஓங்கிக் கேட்டன, நிறங்கள் பளிச்சென்று அடித்தன, எதைக் கவனிப்பது எதை விடுவது என்று பிரிக்க முடியவில்லை என்றார்கள்.

தோட்டத்தில் இதை யார் கேட்பார்? பெரட்டில் ஆள் வந்தாச்சான்னு பார்ப்பாங்க; சாயங்காலம் கொழுந்தை நிறுப்பாங்க. வேலைக்கு வந்து நிற்கிறவர் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுதுன்னு கேட்பது கங்காணியின் வேலையும் இல்லை, கிராணியின் வேலையும் இல்லை. உண்மையில் "என்னத்தப் பாத்த? எப்பலருந்து?" என்று கேட்டவர் கோயில் பூசாரி. அவர் சொன்ன காரணம், காத்து கருப்பு, தவறாக இருக்கலாம். கேட்ட கேள்வி சரியானது.

இப்படித் தோன்றுவதெல்லாம் நோயின் தொடக்கம் இல்லை. தூக்கமின்மை, காய்ச்சல், துக்கம், போதை எல்லாமே இதைச் செய்யும்; பலருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போய், தூக்கம் கெட்டு, ஆட்கள்மேல் சந்தேகமும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சை நல்ல பலன் தரும்.

"ஆளுங்க மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரியா தெரியுது" என்று ஒருத்தன் தயங்கிச் சொல்லும்போது, "உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று நாம் சிரிக்கிறோம். அதோடு அவன் வாய் மூடிவிடும். அவன் அடுத்து வாய் திறக்கும்போது அது அலறலாகவும் இருக்கலாம்.