மறுமாற்றத் திருத்தாண்டகம்

திருநாவுக்கரசர் (7ஆம் நூற்றாண்டு) பாடிய தேவாரப் பதிகம்; ஆறாம் திருமுறையில் உள்ளது. சமணத் துறவியாயிருந்த அவர் திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பியதும், பல்லவ மன்னன் அழைத்துவர ஆளனுப்பினான். அதற்கு அவர் சொன்ன மறுமொழியே இப்பதிகம் என்பது பெரியபுராணச் செய்தி. சிவனுக்கு ஆட்பட்டவர் வேறெவருக்கும் குடியல்லர், ஆகவே எமனுக்கும் அஞ்சுவதில்லை என்பது இதன் வாதம். அடிமை பூணுவதிலிருந்தே விடுதலையைப் பெறும் இந்த முரண்தான் பதிகத்தின் வலிமை. மன்னனை வசைபாட அதற்குத் தேவையே இல்லை. பின்னர் சுண்ணாம்பு நீற்றறை, நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் இடுதல் எனத் தண்டனைகள் தொடர்ந்ததாகவும், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகவும் பெரியபுராண ஆசிரியர் சேக்கிழார் விவரிக்கிறார்.

சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில் என்பதை மறக்கலாகாது. எனினும், மனம் மாறிய மன்னன் திருவதிகையில் கட்டியதாக அவர் கூறும் கோயிலின் பெயர் குணபரவீச்சரம். குணபரன் என்பது கல்வெட்டுகளில் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அம்மன்னன் இவனே என அறிஞர் பலர் கருதுவது இதனால்தான். எவருக்கும் குடியல்லோம் என்ற நாவுக்கரசர் பின்னாளில் ஏந்தியதோ கோயில் முற்றத்துப் புல் செதுக்கும் உழவாரப்படை.