கார் ஸ்டீரியோ மின்கோளாறுகள்

காரில் புதிதாகப் பொருத்திய ஸ்டீரியோ பாடாமல் போவதும், இரைவதும், பாட்டரியைக் காலி செய்வதும் பெரும்பாலும் வயரிங்கிலும் எர்த்திலும் தொடங்கும் கோளாறுகள். செட்டை மாற்றுமுன் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதே முறை.

கடைகளில் தனியாக விற்கும் செட்டுகளில் பொதுவாக மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். நேரத்தையும் ரேடியோ நிலையங்களையும் நினைவில் வைப்பது அதுதான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பிய பிறகே மின்சாரம் வரும். கறுப்பு எர்த். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நினைவு அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கக்கூடும். ஐஎஸ்ஓ 10487 இணைப்பியில் நிலையான மின்சாரம் 4ஆம் பின்னிலும், சாவி வழி வருவது 7ஆம் பின்னிலும் இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் சில மாடல்களில் இவை தலைகீழ். செட் உயிரற்றுக் கிடந்தால் முதலில் பியூஸ், அடுத்து இந்த மூன்று வயர்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய பியூஸ் போடுவது ஆபத்து. வயரே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

அதிகம் அலைக்கழிப்பது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் கீச்சொலி. ஆல்டர்நேட்டர் உண்டாக்கும் மாறுமின்சாரத்தை டயோடுகள் நேர்மின்சாரமாக்கினாலும் சிறு அலை மிஞ்சுகிறது. டேஷ்போர்டில் செட்டுக்கு ஓர் எர்த், டிக்கியில் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னோர் எர்த் என்றிருந்தால் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் உறை வழியே அந்த அலை பாட்டோடு கலக்கும். ஆம்ப்ளிஃபையரில் ஆர்சிஏவைப் பிடுங்கியதும் ஒலி நின்றால் அது அந்தக் கேபிள் வழியே வருகிறது என்று பொருள். பிடுங்குமுன் செட்டை அணைத்துவிட வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் தடித்த, குட்டையான வயரால் எர்த் கொடுப்பதும், பவர் கேபிளை ஒரு பக்கமும் ஆர்சிஏவை மறுபக்கமும் கொண்டுபோவதுமே உண்மையான தீர்வு. ஆர்சிஏ கேபிளின் நடுவில் மாட்டும் ஐசொலேட்டர் இரைச்சலைக் குறைக்கும். மலிவானவை அடிநாதத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஐசொலேட்டரைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். பாட்டு ஓடும்போது செட்டின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

திரையில் வெளிச்சம் இருந்தும் சத்தம் வராவிட்டால் ஸ்பீக்கர் வயர்களைப் பார்க்க வேண்டும். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு வயர்களிலுமே மின்சாரம் உண்டு. பழைய கார்களில் வழக்கமாயிருந்தபடி ஒன்றைப் பாடியில் எர்த் செய்தால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், அல்லது எரியும்.

இரவில் பாட்டரி இறங்கினால், எல்லாம் அணைந்து சற்று நேரம் கழித்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். சுமார் 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. சிவப்பை நேரே பாட்டரியில் கொடுத்திருந்தால் செட் முழுதாக அணையாது.

வயரில் கை வைக்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். கம்பெனி செட்டுகள் சில, மின்சாரம் அற்றுத் திரும்பியதும் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.